கல்லாவில் அமர்ந்தவரும் காலின் பலமும்

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, கடையில் கூட்டம் ஓய்ந்திருந்த வேளையில், கீழ்த்தட்டின் கோடியில் இருந்த ஏலக்காய் டப்பாவை எடுக்கப் போனேன். குந்தி உட்கார்ந்தது வரை சுகமே. எழுந்திருக்க வேண்டிய வேளை வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. இடக்கையால் தட்டின் விளிம்பைப் பிடித்தேன். வலக்கையை முழங்காலில் ஊன்றினேன். அப்படியும் பாதி எழும்பி நின்றுவிட்டேன். தட்டு ஆடிற்று, மேலே அடுக்கியிருந்த பால் டின்களில் மூன்று உருண்டு விழுந்தன. கடைப்பையன் ஓடி வந்து, "முதலாளி, என்னைக் கூப்பிட்டிருந்தா நான் எடுத்துத் தந்திருப்பேனே" என்றான். அவன் மரியாதையாகத்தான் சொன்னான். எனக்கு அப்போது வயது 54. காலை 7 மணிக்குக் கடை திறந்தால் இரவு 9 மணி வரை நின்றும் நடந்தும் இருக்கின்றவன். உன் காலில் பலம் இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இவ்வாறு நம்பாமல் இருப்பவர்கள் நம் வியாபார அன்பர்களில் அனேகர் உண்டு. ஆதலால் இப்பாடத்தை எழுதத் துணிந்தேன். நான் வைத்தியன் அல்லன். பயிற்சி ஆசிரியனும் அல்லன். கற்றுக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் செய்து பார்த்ததையும், விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் மட்டுமே எழுதுகின்றேன்.

நிற்பது வேறு, பலம் வேறு

நாள் முழுவதும் நிற்கின்றோமே, அதுவே காலுக்குப் பயிற்சியல்லவா என்று கேட்கலாம். அன்று தேதிவரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். முழங்காலை நிமிர்த்தி நிற்கும்போது உடம்பின் பாரத்தை எலும்பும் மூட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று தாங்கிக்கொள்கின்றன. தொடைத் தசைக்கு அங்கே அதிக வேலையில்லை. வேலை கேட்காத தசையைத் தேகம் சும்மா வைத்துச் சோறு போடுவதில்லை, மெல்லமெல்லக் குறைத்துவிடும். சுமார் 30 வயதுக்குப் பிறகு ஒவ்வொரு 10 ஆண்டிலும் தசையில் 100க்கு 3 முதல் 8 பங்கு வரை குறைகின்றது என்றும், 60க்கு மேல் அந்த வேகம் கூடுகின்றது என்றும் வைத்திய நூல்கள் சொல்லுகின்றன. சரக்கறையில் எலி அரிப்பதைப் போன்றது இது. தினமும் போய் வருகின்றவர் கண்ணுக்குத் தெரியாது. இருப்புக் கணக்கு எடுக்கும் நாளில்தான் மூட்டை குறைந்திருப்பது தெரியும்.

நம் முன்னோர் காலம் வேறு. பினாங்கில் இன்று பெரும் பெரும் உணவகங்களின் பெயர்ப் பலகையில் நிற்கும் நாசி கண்டார் என்பதில் கண்டார் என்பது தோளில் வைக்கும் சுமைக் கம்பைக் குறிக்கும். ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு என்று சுமந்து, துறைமுகத் தொழிலாளர் கூடும் இடங்களுக்கு நடந்து போய் விற்றவர்கள் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள். நடைமுறையை யோசித்துப் பாருங்கள். விற்கும் இடம் வந்ததும் குந்திக் கூடையைத் தரையில் இறக்க வேண்டும். வாடிக்கைக்காரர் போனதும் மீண்டும் குந்திக் கம்புக்குத் தோள் கொடுத்து, முழுப் பாரத்துடன் எழ வேண்டும். பிறகு நடை, ஒவ்வொரு அடியிலும் அத்தனை சுமையும் ஒற்றைக் காலில். காசு கொடுத்து நாம் இன்று கற்கின்ற பயிற்சியை அவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகத் தினமும் செய்தார்கள். அதே வம்சத்தில் வந்த நாம் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் அமர்ந்திருக்கின்றோம். பாட்டனார் பட்ட கஷ்டம் பேரனுக்கு வேண்டாம் என்பது நியாயமே. ஆனால் கஷ்டத்தோடு சேர்ந்து காலின் பலமும் போய்விட்டது.

பழைய கடைவீடுகளில் சரக்கு மேல்மாடியில் இருக்கும். ஏணி போன்ற செங்குத்தான மரப்படிகள். நானறிந்த பெரியவர் ஒருவர், கண் தெளிவு, கணக்குத் தெளிவு, பேச்சுத் தெளிவு எல்லாம் இருந்தும், படியேற முடியாத ஒரே காரணத்தால் மேல்மாடிச் சரக்கைப் பையன்கள் பொறுப்பில் விட்டார். இரண்டு வருஷத்தில் மாடியில் என்ன இருக்கின்றது, என்ன இல்லை என்பது அவருக்கே தெரியாமல் போயிற்று. கடையைக் கைமாற்றியபோது அவர் கேட்ட விலை சரக்கின் மதிப்பில் பாதிகூட இல்லை என்று வாங்கியவரே பிற்பாடு சொன்னார்.

நாற்காலிச் சோதனை

தம் கால் எந்த நிலையில் இருக்கின்றது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சுமார் 17 அங்குல உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு அமருங்கள். இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். 30 விநாடியில் முழுதாக எழுந்து நின்று உட்காருவது எத்தனை முறை என்று ஒருவர் கடிகாரம் பார்த்து எண்ண வேண்டும். கையை ஊன்றி எழுந்தால் அது கணக்கில் சேராது. 60 முதல் 64 வயதுள்ள ஆண் 14 முறைக்குக் குறைந்தாலும், 65 முதல் 74 வயதுள்ள ஆண் 12 முறைக்குக் குறைந்தாலும் சராசரிக்குக் கீழ் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் வகுத்திருக்கின்றது. 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கு அந்த எல்லை 12. அவ்வெல்லைக்குக் கீழே இருப்பவர்கள் தவறி விழும் அபாயம் அதிகம் உள்ளவர்கள். பால் டின் உருண்ட மறுநாள் நான் செய்து பார்த்தேன். 54 வயதில் எனக்கு வந்தது 11.

எடைக்கல்லின் மறுபிறவி

என் தங்கை மகன் தேகப்பயிற்சி கற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவன். கதையைக் கேட்டு அவன் சிரிக்கவில்லை. மறுவாரம் வந்தபோது ஒரு இரும்புக்குண்டைக் கொண்டுவந்து கல்லா மேசைமேல் வைத்தான். உருண்டை இரும்பு, அடி தட்டை, மேலே கெட்டிலுக்கு இருப்பது போல் வளைந்த கைப்பிடி.

"இது எந்தத் தராசுக்குடா தம்பி?" என்றேன்.

"முந்தித் தராசுக்குத்தான் மாமா இருந்துச்சு" என்றான்.

அவன் சொன்னது வேடிக்கையல்ல. இன்று கெட்டில்பெல் என்று விற்கப்படும் இக்குண்டு ரஷ்யச் சந்தைகளில் தானியம் நிறுத்த எடைக்கல். அதை அவர்கள் கிர்யா என்பார்கள். நிறுத்து முடித்த பிறகு வியாபாரிகளும் சுமைக்காரர்களும் யார் அதிகம் தூக்குவது என்று பந்தயம் கட்டித் தூக்கியதில் அது வீர விளையாட்டாயிற்று. 1885ஆம் ஆண்டு பீட்டர்ஸ்பர்க் நகரில் விளாதிஸ்லாவ் கிரயெவ்ஸ்கி என்ற வைத்தியர் தேகப்பயிற்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கி இதை முறையாகப் பழக்கினார். ரஷ்யர்களின் பழைய எடை அளவுக்குப் பூடு என்று பெயர். மளிகை அன்பர்கள் வெள்ளைப்பூடு என்று எண்ண வேண்டாம். 1 பூடு ஏறத்தாழ 16.4 கிலோ. இன்றைக்கும் இக்குண்டுகளில் 16, 24, 32 கிலோ என்பவை பிரதானமாக இருப்பதற்கு ஒரு பூடு, ஒன்றரைப் பூடு, இரண்டு பூடு என்ற பழைய கணக்கே காரணம். நம் பழைய கணக்கில் 16 கிலோ என்பது சுமார் 26½ காட்டி. பிக்கல் மூட்டை 100 காட்டி, அதாவது 60 கிலோவுக்குச் சற்று மேல் என்பதை நினைத்தால் குண்டு பெரிய பாரமல்ல. ஆனாலும் நாம் 16இல் தொடங்கப் போவதில்லை. ஐம்பதைக் கடந்தவருக்கு 6 அல்லது 8 கிலோ போதும். குண்டு வாங்க மனம் வராதவர் கடையிலுள்ள 5 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டே முதல் மாதத்தை ஓட்டலாம். நானே அப்படித்தான் தொடங்கினேன். பை கிழிந்தால் நஷ்டம் உங்களுடையது.

முதல் பயிற்சி: பஸ்கி

பஸ்கி நமக்குப் புதிதல்ல. சிலம்பக் கூடத்திலும் மல்யுத்தக் கூடத்திலும் தண்டாலும் பஸ்கியும்தான் ஆரம்பப் பாடம். தரையில் குந்தி எழுவது ஊரில் அன்றாட வேலை. நாற்காலியும் மேற்கத்திய கழிப்பறையும் வந்த பிறகே அது அற்றுப்போயிற்று.

குண்டுடன் செய்யும் முறை இது. பாதங்களைத் தோள் அகலத்தில் வைத்து, கால் விரல்கள் சற்றே வெளிப்புறம் பார்க்க நில்லுங்கள். கைப்பிடியின் இரு பக்கத் தண்டுகளையும் இரு கைகளால் பற்றிக் குண்டை மார்போடு ஒட்டிப் பிடியுங்கள். பெரிய கோப்பையை இரு கையால் ஏந்துவது போலிருப்பதால், இதைப் பரப்பிய டான் ஜான் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் கோப்பைப் பஸ்கி என்று பெயர் வைத்தார். பின்புறத்தில் முக்காலி இருப்பதாக எண்ணி இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோய்த் தாழுங்கள். முழங்கால், கால் விரல் பார்க்கும் திசையிலேயே மடங்க வேண்டும். உள்ளே சாயக் கூடாது. குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. தாழும்போது மூச்சை உள்ளிழுத்து, எழும்போது வெளியே விடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு முக்குவதால் இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும்; அழுத்த நோயுள்ளவருக்கு அது ஆகாது.

கையில் பாரம் ஏறினால் கஷ்டம் கூடுமே என்று நினைப்போம். ஆனால் மார்புக்கு முன்னால் குண்டைப் பிடித்தவுடன் வெறுங்கையைவிட நன்றாகத் தாழ முடிவதைக் காண்பீர்கள். பழைய டாச்சிங் தராசை உபயோகித்தவருக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் சரக்கு தொங்கும். மறுபக்கம் எடையைத் தள்ளித் தண்டைச் சமன் செய்வோம். இங்கே பின்னுக்குப் போகும் இடுப்பு சரக்கு. முன்னால் இருக்கும் குண்டு எடைக்கல். சமன் கிடைப்பதால் பின்னால் விழும் பயம் போய், முதுகு நிமிர்ந்து நிற்கின்றது.

எதுவரை தாழ்வது? ஆரம்பத்தில் உண்மையாகவே ஒரு நாற்காலியைப் பின்னால் போட்டுக்கொண்டு, அதில் லேசாகத் தொட்டு எழுங்கள். அமர்ந்து இளைப்பாற வேண்டாம். நாளடைவில் தாழ்ந்த முக்காலிக்கு மாறலாம். முழங்கால், கால் விரலைத் தாண்டவே கூடாது என்று சிலர் கண்டிப்பாகச் சொல்லுவார்கள். 2003இல் வெளியான ஒரு ஆய்வில், முழங்காலுக்கு முன் பலகை வைத்துத் தடுத்துச் சிலரைப் பஸ்கி செய்யச் சொன்னார்கள். முழங்காலின் பளு சற்றுக் குறைந்தது. ஆனால் இடுப்பு மூட்டின் பளு சுமார் 10 மடங்கு ஆகிவிட்டது. ஆதலால் முழங்கால் ஓரிரு அங்குலம் முன்னே வருவதற்குப் பயப்பட வேண்டாம். வலி வருகின்றதா என்பதே கவனிக்க வேண்டியது.

இரண்டாம் பயிற்சி: பின்னடி

இதை ஆங்கிலத்தில் லஞ்ஜ் என்பார்கள். என் மருமகன் முதலில் இப்பெயரைச் சொன்னபோது பகலுணவு என்று நினைத்து, மணி பதினொன்றுதானே ஆகின்றது என்றேன். ஒரு காலை எட்டி வைத்து, இரு முழங்காலும் மடங்கத் தாழ்ந்து எழுவதே இது. முன்னால் எட்டி வைத்தும் செய்யலாம். பின்னால் வைத்தும் செய்யலாம். முன்னால் வைக்கும்போது உடம்பின் வேகத்தை முழங்கால் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கின்றது. பின்னால் வைப்பதில் அந்தத் தள்ளல் இல்லை. நம் வயதினருக்குப் பின்னால் வைப்பதே உத்தமம். ஆகையால் பின்னடி என்றே இங்கு எழுதுகின்றேன்.

நேராக நின்று, வலக்காலை இரண்டு, இரண்டரை அடி பின்னே வைத்து, அதன் விரல்முனையில் ஊன்றுங்கள். பின் முழங்கால் தரையைத் தொடுவதற்குச் சற்று மேலே வரும் வரை நேர் கீழாக இறங்குங்கள். முன்னே உள்ள இடக்காலின் பாதம் முழுவதும் தரையில் பதிந்திருக்கட்டும். அந்தக் குதிகாலால் தரையை அழுத்தி எழுந்து, பின்காலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். வேலை செய்வது முன்கால்தான், பின்கால் துணைக்கு. இரு பாதங்களும் ஒரே கோட்டில் வந்தால் உடம்பு தள்ளாடும். ரயில் தண்டவாளம் போல் இரண்டு கோடுகளில் இருக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒரு கையால் கடை மேசையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே செய்யுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கைலியுடன் இப்பயிற்சி வேண்டாம். கால் எட்டாது, எட்டினால் கைலி தாங்காது, இரண்டுமில்லாவிட்டால் தடுக்கி விழுவீர்கள். ஜப்பான் சிலிப்பரும் வேண்டாம். கால்சட்டையும், அடி தட்டையான சப்பாத்தும் போதும். பாத உணர்ச்சியில் குறை இல்லாதவர் வெறுங்காலுடனும் செய்யலாம்.

இரண்டும் ஏன் வேண்டும்?

பஸ்கி ஒன்றே போதாதா என்பது நியாயமான கேள்வி. இரண்டு வேலையிலும் அதே முன்தொடைத் தசை, அதே பிட்டத் தசை, அதே பின்தொடைத் தசைதானே. ஆனால் கூட்டு வியாபாரத்தில் நடப்பது பஸ்கியிலும் நடக்கும். பங்காளிகள் இருவர் சேர்ந்து தூக்கும்போது பலமுள்ளவர் அதிகம் இழுப்பார், மற்றவர் கையை வைத்துக்கொண்டு நிற்பார், மூட்டை எழும்பிவிடும், யார் எவ்வளவு தூக்கினார் என்பது தெரியாது. பின்னடியில் ஒவ்வொரு காலும் தன் கணக்கைத் தானே காட்ட வேண்டும். என் இடக்கால் எனக்குத் தெரியாமல் எத்தனையோ வருஷமாகச் சோம்பியிருந்தது. வலக்காலில் 6 முறை தாழ்ந்து எழுந்த நான், இடக்காலில் 3க்கு மேல் முடியாமல் மேசையைப் பிடித்தேன். கல்லா நாற்காலியில் வலப்பக்கமாகவே சாய்ந்து எழும் பழக்கம் காரணமாயிருக்கலாம்.

நம் அன்றாட வேலைகளும் ஒற்றைக் காலில்தான் நடக்கின்றன. மாடிப்படி ஏறுவது, லாரியின் பின்பலகையில் கால் வைப்பது, கால்வாயைத் தாண்டுவது, எல்லாம் அப்படியே. பின்னடியில் இடுப்பின் பக்கத் தசைகள் தள்ளாட்டத்தைத் தடுத்து நிறுத்தப் பழகுகின்றன. பின்னே போகும் காலின் தொடையிடுக்கும், உட்கார்ந்தே சுருங்கிக் கிடந்தது, நன்றாக விரிகின்றது. இவ்வளவும் பஸ்கியில் கிடைக்காது. அப்படியானால் பின்னடி மட்டும் போதுமே என்றால், அதுவும் சரியல்ல. தள்ளாட்டம் இருப்பதால் பின்னடியில் அதிகப் பாரம் ஏற்ற முடியாது. பாரம் ஏற்றிப் பலம் சேர்க்கப் பஸ்கியே தோது. பஸ்கியில் சம்பாதித்ததைப் பின்னடியில் பங்கிட்டுக் கொடுக்கின்றோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்த்துச் செய்யும் முறை

வாரத்தில் 2 நாள், முடிந்தவர் 3 நாள். இடையில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட யோசனையும் வாரத்துக்கு 2 நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும் என்பதே. 65 வயதுக்கு மேற்பட்டவர் சமநிலைப் பயிற்சியும் சேர்த்து 3 நாள் செய்ய வேண்டுமாம். எல்லாம் சேர்ந்து 20 நிமிஷத்துக்கு மேல் ஆகாது. 5 நிமிஷம் நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு தொடங்குங்கள்.

முதல் 2 வாரம் வெறுங்கை. நாற்காலியைத் தொட்டு 8 பஸ்கி. பிறகு மேசையைத் தொட்டுக்கொண்டு காலுக்கு 5 பின்னடி. இது ஒரு சுற்று. ஒன்றரை நிமிஷம் இளைப்பாறி மறு சுற்று. 3 சுற்றுடன் நிறுத்துங்கள். அடுத்த 2 வாரம் பஸ்கிக்கு மட்டும் குண்டு, பின்னடி வெறுங்கையுடனேயே. பலர் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கின்றார்கள்.

ஐந்தாம் வாரத்திலிருந்து இரண்டையும் இணைக்கலாம். குண்டை மார்பில் பிடித்து ஒரு பஸ்கி. எழுந்து வலக்கால் பின்னடி. எழுந்து இடக்கால் பின்னடி. இம்மூன்றும் சேர்ந்து ஒன்று என்று எண்ணுங்கள். குண்டைக் கீழே வைக்காமல் 5 எண்ணிக்கை. பிறகு இறக்கி வைத்து 2 நிமிஷம் ஓய்வு. 3 அல்லது 4 சுற்று. பார்க்க எளிதாயிருக்கும். மூன்றாம் சுற்றில் மூச்சு வாங்கும். கடைசி இரண்டு எண்ணிக்கை கஷ்டமாயிருக்க வேண்டும், ஆனால் நிலை குலையக் கூடாது. முழங்கால் உள்ளே சாய ஆரம்பித்தால் அன்றைய கணக்கு முடிந்தது. குண்டைத் தரையிலிருந்து எடுக்கும்போது முதுகை வளைத்து எடுக்காமல் பஸ்கியாகவே தாழ்ந்து எடுங்கள். முதுகு பலவீனமானவர் குண்டை ஒரு முக்காலிமேல் வைத்துக்கொள்வது நல்லது.

பாரத்தை எப்போது கூட்டுவது? தொடர்ந்து இரண்டு தடவை 4 சுற்றும் சுலபமாக முடிந்தால் எண்ணிக்கையை 6 ஆக்குங்கள், பிறகு 7, 8. எட்டும் சுலபமான பின்பே அடுத்த குண்டு. அப்போது மீண்டும் 5க்கு வாருங்கள். குண்டுகள் பெரும்பாலும் 4 கிலோ ஏற்றத்தில் விற்கப்படுகின்றன. வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்: 20லிருந்து 24க்குப் போனால் 100க்கு 20 ஏற்றம், 8லிருந்து 12க்குப் போனாலோ 100க்கு 50. ஆகையால் முதல் தாண்டலுக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும். எனக்கு 8லிருந்து 12க்கு வர ஐந்து மாதம் ஆயிற்று.

முதல் வாரம் தொடை வலிக்கும். செய்த அன்று தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் தெரியும். மாடிப்படி இறங்கும்போது நன்றாகவே தெரியும். அது மூன்று நாளில் போய்விடும். ஆனால் மூட்டுக்குள் குத்தும் வலியோ, வீக்கமோ, முழங்கால் பூட்டிக்கொள்வது போன்ற உணர்ச்சியோ இருந்தால் பயிற்சியை நிறுத்தி வைத்தியரைப் பாருங்கள்.

வயது போனவர், சர்க்கரையுள்ளவர்

இனிமேல் நமக்கென்ன பலம் வரப்போகின்றது என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் போஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் 8 வாரம் கால் பலப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 1990இல் வெளிவந்தது. சேர்ந்தவர் 10 பேர். சராசரி வயது 90. முடித்தவர் 9 பேர். அவர்கள் கால் பலம் சராசரியாக 100க்கு 174 பங்கு கூடிற்று. அதாவது இருந்ததைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். தொடைத் தசையின் பருமன் கூடியதோ 100க்கு 9 பங்குதான். தசை பெருப்பதற்கு முன்பே நரம்புகள் இருக்கின்ற தசையைச் சரியாக வேலை வாங்கக் கற்றுக்கொள்கின்றன. கண்ணாடியில் மாறுதல் தெரியவில்லையே என்று முதல் மாதத்தில் விட்டுவிடுகின்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சர்க்கரை வியாதி நம்மில் எத்தனை பேருக்கு என்று சொல்லத் தேவையில்லை. மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்தோரில் 2019இல் 100க்கு 18.3, 2023இல் 15.6 என்று கண்டார்கள். உண்ட சோற்றிலிருந்து இரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும் பங்கை வாங்கிக்கொள்வது தசை. வேலை செய்யும் தசை இன்சுலின் துணையில்லாமலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருப்பதால் இப்பயிற்சியின் பிரயோஜனம் சர்க்கரைக்காரருக்கு இரட்டிப்பு. ஆபத்தும் உண்டு. இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவருக்குப் பயிற்சியால் அளவு மிகவும் தாழலாம். ஆகையால் வைத்தியரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இனிப்பு ஏதேனும் பக்கத்தில் இருக்கட்டும். சர்க்கரையால் கண் திரையில் இரத்தக் கசிவு உள்ளவர் பாரம் தூக்கவே கூடாது, கண் வைத்தியர் அனுமதித்தாலொழிய. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலுடன் செய்யாமல், முடித்தபின் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்வலி, அடங்காத இரத்த அழுத்தம், சமீபத்தில் அறுவை சிகிச்சை உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நோன்பு மாதத்தில் பகலில் வேண்டாம். நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் போனபின், வழக்கத்தில் பாதியாகச் செய்தால் பலம் கைவிட்டுப் போகாது.

நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் கடை திறந்து, பையன் தரையைக் கூட்டி முடிப்பதற்குள் செய்து முடிக்கின்றேன். குண்டு கல்லா மேசையின் கீழே கிடக்கின்றது. ஆரம்பத்தில் வாடிக்கைக்காரர்கள் அதையும் விலை கேட்டார்கள்.

தொடங்கும் நாளில் நாற்காலிச் சோதனையின் எண்ணைத் தேதியுடன் கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வையுங்கள். 6 வாரம் கழித்து அதே நாற்காலியில், அதே வேளையில், மீண்டும் எண்ணுங்கள். என் புத்தகத்தில் முதல் வரி 11. ஆறாம் வாரம் 14. ஆறாம் மாதம் 18. ஏலக்காய் டப்பா இன்னும் அதே கீழ்த்தட்டில்தான் இருக்கின்றது. பால் டின்களை மட்டும் வேறு பக்கம் அடுக்கியிருக்கின்றேன்.